குதிரையின் பாறணை

கொழும்பு வெள்ளவத்தையில் யாராவது என் முன்னால் வந்து உட்கார்ந்து, "இயற்கையா ஏதும் இருக்கோ டொக்டர்?" என்று கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் மிருக வைத்தியர். காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் என் கிளினிக் இருக்கிறது. வருபவை நாய்களும் பூனைகளும். அவற்றில் முக்கால்வாசிக்கு வியாதி என்று தனியாக ஒன்றும் கிடையாது, வீட்டுக்காரர்தான் வியாதி. ஐந்தாம் மாடியில் ஒரு பொமரேனியனை அடைத்து வைத்து, காலையில் இடியப்பமும் சொதியும், மத்தியானம் நெய்ச்சோறும், பின்னேரம் கேக்கும் கொடுப்பார்கள். அது மூச்சு வாங்கிக்கொண்டு நடக்க முடியாமல் போனதும் தூக்கிக்கொண்டு வந்து, இங்கிலீஷ் மருந்து வேண்டாம் என்பார்கள். அளவாகச் சாப்பாடு போடுங்கள், நடக்க விடுங்கள் என்று சொல்வேன். அதைவிட இயற்கையாக என்ன இருக்கிறது? முகம் சுருங்கிவிடும். அவர்களுடைய இயற்கை போத்தலில் வரவேண்டும், மூடியில் ஓர் இலைப் படம் இருக்கவேண்டும்.

இந்தக் கூட்டத்தைச் சகித்துக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். குதிரை ஒன்று என் கணக்கில் வந்து சேரும் என்று நினைக்கவில்லை.

குதிரைக்குச் சொந்தக்காரர் கொட்டாஞ்சேனையில் கலியாணச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். மணவறை, சிம்மாசனம், முத்துக்குடை, பிளாஸ்டிக் வாழைமரம் எல்லாம் அவரிடம் கிடைக்கும். எங்கள் சனத்தின் மாப்பிள்ளைகள் முன்பெல்லாம் காரில் வந்து இறங்கினார்கள், பெண்ணின் தம்பி தோழனாக நின்று கால் கழுவிவிட்டான், மோதிரம் வாங்கிக்கொண்டான், அதோடு காரியம் முடிந்தது. இப்போது பம்பாய்ப் படங்களைப் பார்த்துவிட்டு, கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருகிற மாப்பிள்ளைகளுக்குக் குதிரை வேண்டுமாம். வாழ்நாளில் ஓர் ஆட்டின் முதுகைக்கூடத் தொட்டிராதவர்கள். தலைப்பாகை நழுவ நழுவ, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, பயத்தில் வெளிறிய முகத்தோடு குதிரைமேல் வந்து இறங்குவார்கள். மேலே ட்ரோன் பறக்கும். எத்தனையோ தடவை என் கிளினிக் யன்னலால் பார்த்திருக்கிறேன். அந்த ஊர்வலத்தில் மரியாதையாக நடந்துகொள்வது குதிரை ஒன்றுதான்.

மலைநாட்டில் பந்தயத்துக்கு ஓடி முடிந்து, இனி வேண்டாம் என்று விற்கப்பட்ட வெள்ளைப் பெண்குதிரை அது. ஒருகொடவத்தையில் கொள்கலன் அடுக்கிவைக்கும் யார்டு ஒன்றுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டுக் கட்டியிருந்தார். அதற்கு ஓர் அம்மன் பெயரும் வைத்திருந்தார். வயிறு ஊதி, மண்ணில் படுத்துப் புரளுகிறது என்று முதல்முறை எனக்கு அழைப்பு வந்தது. குதிரைக்குப் பழக்கமான வைத்தியர்கள் கொழும்பில் இருக்கிறார்களே, அவர்களிடம் போகலாமே என்றேன்.

"அவையெல்லாம் சிங்கள ஆக்கள் டொக்டர். நீங்கள் எண்டால் எங்கட ஆள்" என்றார்.

"குதிரை எந்த ஊர்?" என்று கேட்டேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்.

என்னோடு படித்த சிங்களத் தோழி ஒருத்தி குதிரைகளிலேயே காலம் தள்ளுகிறவள். அவளைத் தொலைபேசியில் பிடித்து, அவள் சொல்லச் சொல்லப் பார்த்து, அன்றைக்கு அந்தக் குதிரையை எழுப்பி நிறுத்தினேன். பிறகுதான் கொட்டிலை நிதானமாகச் சுற்றிப் பார்த்தேன். புல் என்று சொல்ல ஒரு துரும்பும் இல்லை. தொட்டியில் ஊறப்போட்ட கடலை கிடந்தது. பக்கத்தில் கலியாண மண்டபத்தில் மிஞ்சிய சர்க்கரைப் புக்கை என்கிற பொங்கல், லட்டு, வாழைப்பழம். சுவரில் ஒரு தட்டு அடித்து அதில் வரிசையாகப் போத்தல்கள்: சமிபாட்டுத் தூள், மூலிகைக் குடிநீர், வாயுவுக்கு ஒன்று, பசிக்கு ஒன்று. எல்லா மூடியிலும் இலைப் படம்.

நான் அவருக்குப் பொறுமையாகவே சொன்னேன். குதிரையின் உடம்புக்கு இரைப்பை மிகச் சின்னது. அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேயப் பிறந்த மிருகம். மேய்ந்தாலும் மேயாவிட்டாலும் வயிற்றில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது ஊறுகிற எச்சில்தான் அதற்கு மருந்து. புல்லைச் செரிப்பது பின்குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள். அவற்றுக்குத் திடீரென்று மாவும் சீனியும் போனால் எல்லாம் புளித்து வாயுவாகிவிடும். அதற்கு வாந்தி எடுக்கவும் தெரியாது, உள்ளே போனது பின்னால்தான் வரவேண்டும். ஆகவே எந்நேரமும் வாயில் புல் இருக்கட்டும். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். நக்குவதற்கு உப்புக்கட்டி ஒன்று வையுங்கள். நாளாந்தம் நடத்துங்கள். தீனி மாற்றுவதென்றால் மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஏமாந்துபோன முகத்தோடு, "புல்லுக் குடு எண்டு சொல்லவோ டொக்டர் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்றார்.

எரிச்சலை அடக்கிக்கொண்டு, இதுதான் நீங்கள் தேடுகிற இயற்கை என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் குதிரை செத்தால் அந்த வருடத்து ஆவணிக் கலியாணங்கள் போய்விடும் என்ற பயத்தில் செய்தார். களனி ஆற்றங்கரையில் வெட்டிய கினிப்புல் ஓட்டோவில் வந்து இறங்கத் தொடங்கியது. அவருடைய லொறிச் சாரதி குதிரையைக் காலையும் மாலையும் யார்டைச் சுற்றி நடத்தினான். சில மாதத்தில் வயிறு இறங்கி, மயிர் மினுங்கி, கண் தெளிந்தது. நான் போனால் கழுத்தை நீட்டி என் தோளில் மூச்சு விடும். எனக்கு அந்த மிருகத்தில் ஓர் அன்பு வந்துவிட்டது. என்னிடம் வருகிற மனிதரில் அநேகர்மேல் அது எனக்கு வந்ததில்லை.

ஆனால் வயிறு நன்றாக இருக்கிற குதிரை நன்றாகச் சாணி போடும். வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை ஏறி இருக்க, நாதஸ்வரக்காரர் ஊதிக்கொண்டிருக்க, பெண்வீட்டார் ஆலாத்தித் தட்டோடு நிற்க, மண்டப வாசலில் விரித்த சிவப்புக் கம்பளத்தில் அது வாலைத் தூக்கிவிட்டது. ட்ரோனும் அதை விடாமல் எடுத்துவிட்டது. பெண்ணின் மாமன்காரர் ஒருவர் அபசகுனம் என்று கத்தினாராம். கம்பளத்துக்கு யார் பொறுப்பு என்று இரண்டு வீட்டுக்காரரும் தாலி கட்டுவதற்கு முன்பே முறுகிக்கொண்டார்களாம். மாப்பிள்ளையின் தாய் அழுதாவாம். சாணத்தால் வாசல் மெழுகி, பிள்ளையார் பிடித்து வைத்துக் கும்பிடுகிற சாதி நாங்கள். மாட்டினுடையது என்றால் தெய்வம், குதிரையினுடையது என்றால் அபசகுனம்.

அடுத்தநாள் குதிரைச் சொந்தக்காரர் தொலைபேசியில் வந்தார்.

"டொக்டர், சாணி வராமல் இருக்கிறதுக்கு இயற்கையா ஏதும் மருந்து இருக்கோ? ஒரு நாளைக்குக் காணும்."

"சாணி வராட்டில் அது செத்துப்போகும்" என்று கத்தினேன். "விளங்குதோ? குதிரை சாணி போடுறது உங்களுக்கு வெக்கமாய் இருந்தால் குதிரையை விட்டிட்டுக் காரைக் கொண்டுபோங்கோ. பின்னால ஒரு பையைக் கட்டுங்கோ. என்னவும் செய்யுங்கோ. வயித்திலை மட்டும் கை வைக்காதையுங்கோ."

"ஓம், ஓம் டொக்டர்" என்றார். எங்கள் ஆட்கள் இரண்டு தரம் ஓம் போட்டால் ஒன்றும் கேட்கவில்லை என்று அர்த்தம். சாணிப் பை அவருக்குப் பிடிக்கவில்லையாம். படத்தில் விழுந்தால் வடிவில்லையாம்.

அவர் வேறு வழி கண்டுபிடித்தார். அவர் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் மிளகும் தண்ணீருமாக இருக்கிற பக்தர். வெள்ளிக்கிழமை ஒரு வேளை, பிரதோஷத்துக்கு ஒன்றுமில்லை. விரதம் இருந்தால் வயிறு சுத்தமாகும், உடம்புக்கும் நல்லது, புண்ணியமும் சேரும் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவர். நல்ல காரியத்துக்குப் போகிற குதிரையும் விரதம் இருந்துவிட்டுப் போனால் என்ன என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இது எனக்குத் தெரிய வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான்.

அன்றைக்கு இரண்டு கலியாணம். காலையில் வெள்ளவத்தையில், என் கிளினிக்குக்கு இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த மண்டபத்தில். இரவு கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு வரவேற்பு. இடைப்பட்ட நேரத்தில் குதிரையை வெள்ளவத்தை மண்டபத்தின் பின்முற்றத்தில் கட்டியிருந்தார்கள். பட்டுவேட்டியும் சால்வையுமாக அவரே ஓடிவந்து என் கதவைத் தட்டினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

குதிரை காலால் நிலத்தைக் கிளறிக்கொண்டு நின்றது. தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மினுங்கிய கழுத்தில் வியர்வை ஓடி, நெற்றியில் கட்டிய மல்லிகைச் சரம் நனைந்து தொங்கியது. வயிற்றின் இரண்டு பக்கமும் காது வைத்துக் கேட்டேன். நல்ல குதிரையின் வயிறு எந்நேரமும் கடமுடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். இங்கே ஒரு சத்தமும் இல்லை.

"கடைசியா எப்ப புல்லுத் திண்டது?"

"முந்தநாள் பின்னேரம் டொக்டர். விரதத்திலை விட்டிருந்தது."

"தண்ணி?"

"இளநீர் கொஞ்சம் குடுத்தனாங்கள். தண்ணி குடிச்சால் பிறகு..." கம்பளம் கிடந்த பக்கமாகக் கையைக் காட்டினார். "ஆனால் கலியாணம் எவ்வளவு வடிவா முடிஞ்சுது தெரியுமோ? ஒண்டும் விழேல்லை. பொம்பிளை பகுதி கையெடுத்துக் கும்பிட்டவை. அந்தச் சந்தோஷத்திலை பாறணை குடுத்தனான்."

பாறணை! விரதம் முடித்தவர்களுக்கு இலைநிறையப் படைத்து, மூக்குமுட்டச் சாப்பிட வைக்கும் அந்தப் பாறணை. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். ஒரு வாளி ஊறின கடலை, மண்டபத்துச் சர்க்கரைப் புக்கை ஒரு கிடாரத்தில் அரைவாசி, மேலே வாழைப்பழம்.

"ஒரு பருக்கை மிச்சம் வைக்கேல்லை டொக்டர். பாவம், நல்ல பசி" என்றார், பெருமையாக.

ஒன்றரை நாளுக்கு மேல் காய்ந்து சுருண்ட சின்ன இரைப்பையில் அவ்வளவும் ஊதிக்கொண்டிருந்தது. வாந்தி எடுக்க வழியில்லை. மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றை இறக்கவேண்டும். நாய் பூனை பார்க்கிற என்னிடம் அந்த நீளத்துக் குழாய் ஏது? தோழியை அழைத்தேன். இரத்மலானையைத் தாண்டி நிற்கிறாள், உடனே வருகிறேன் என்றாள். ஞாயிறு பின்னேரம் காலி வீதியில் உடனே என்று ஒன்று கிடையாது. நோவுக்கு ஊசி போட்டேன். அது விழுந்து புரண்டால் குடல் முறுகிவிடும். அதனால் கயிற்றைப் பிடித்து ஒழுங்கை வழியே கடற்கரை வீதிவரைக்கும், பிறகு திரும்பவும், நானே நடத்தினேன். ஒரு பிடி சாணி விழாதா என்று பின்னால் பார்த்துப் பார்த்து நடந்தேன். என் வாழ்க்கையில் ஒரு சாணிக்காக நான் அப்படிக் கடவுளைக் கேட்டதில்லை.

சனம் கூடிவிட்டது. வெள்ளவத்தையில் ஓர் உயிர் துடித்தால் ஆலோசனைக்குக் குறைவிருக்காது. ஓமத்தண்ணி பருக்கச் சொன்னார் ஒருவர். இஞ்சியும் உள்ளியும் இடித்துக் கொடுக்கச் சொன்னார் இன்னொருவர். தனக்கு வாயு வந்தபோது எந்தப் பக்கம் சரிந்து படுத்தேன் என்று விளக்கிக்கொண்டு ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் என் பக்கத்திலேயே நடந்து வந்தார். மல்லிகைப்பூவும் வெள்ளைக் குதிரையும் படத்துக்கு நன்றாக இருக்கும்போலும், "அன்ரி, கொஞ்சம் விலகுங்கோ" என்று ஒரு பிள்ளை என்னைக் கேட்டாள். கண்ணூறுதான் என்று தீர்மானித்த சொந்தக்காரர், செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்துக் குதிரையின் தலையைச் சுற்றத் தொடங்கினார். அது மிரண்டு துள்ளியது. நான் எல்லோருக்கும் முன்னால் அவரை "விசரன்" என்று ஏசினேன். இன்றைக்கும் அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க எனக்கு மனமில்லை.

அந்த நேரத்தில்தான் எதிர்மாடி அம்மா ஒருவர் ஒரு கிண்ணத்தில் பெருங்காயம் குழைத்துக்கொண்டு வந்தா. குழந்தைப் பிள்ளைகளுக்கு வயிறு ஊதினால் தொப்புளைச் சுற்றிப் பூசுவார்களே, அதுதான். குனிந்து, குதிரையின் தொப்புள் எங்கே என்று என்னிடமே கேட்டா. நான் வாயைத் திறப்பதற்குள், ஏதோ ஓர் இடத்தைத் தொப்புள் என்று முடிவுகட்டி அப்பிவிட்டா.

கொஞ்சநேரம் போக, குதிரை அமைதியானது. காலால் கிளறுவதை விட்டது. விலாவைத் திரும்பிப் பார்ப்பதையும் விட்டது. மண்டபத்துப் பின்முற்றத்தில் தலையைத் தாழ்த்தி அப்படியே நின்றது.

"பெருங்காயம் வேலை செய்திட்டுது!" என்றார் சொந்தக்காரர். சனம் கை தட்டியது. அந்த அம்மா, தன் பேரப்பிள்ளைக்கும் இதே கை மருந்துதான் என்று எல்லோருக்கும் சொல்லத் தொடங்கினா. சொந்தக்காரர் தொலைபேசியை எடுத்து, "ஓம் ஓம், ஒரு பிரச்சினையும் இல்லை. ஏழு மணிக்குக் குதிரை வாசலிலை நிக்கும்" என்று இரவுக் கலியாண வீட்டுக்கு உறுதி சொன்னார்.

நான் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். பல்முரசு கருநீலமாக இருந்தது. காது குளிர்ந்துவிட்டது. மூக்கிலிருந்து புளித்த தண்ணீர் மெல்லக் கசிந்தது, அதில் இரண்டு பருக்கை இருந்தது. இரைப்பை வெடித்துவிட்டது. வெடித்தால் அமுக்கம் போய்விடும், அதோடு நோவும் போய்விடும். அந்த அமைதிக்குத்தான் அவர்கள் கை தட்டினார்கள். இனிக் குழாயும் உதவாது, என் தோழியும் உதவாள். கயிற்றை விட்டுவிட்டு அதன் நெற்றியிலிருந்த பூச்சரத்தை அவிழ்த்தேன். எனக்கு அழுகை வந்தது. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தோழி வந்து, பார்த்து, கடைசி ஊசியைப் போட்டாள். சூரியன் இன்னும் கடலுக்குள் இறங்கியிருக்கவில்லை. மண்டபக் காவலாளி வந்து, இரவு நிகழ்ச்சிக்கு வாகனங்கள் வரப்போகின்றன, "இதை" எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டான்.

சொந்தக்காரர் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதார். அது நடிப்பில்லை. "அவளை நான் ஒருநாளும் பட்டினி போடேல்லை டொக்டர்" என்றார். கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த கிழமை அவர் கிளினிக்குக்கு வந்தார். குதிரைக்கு எட்டுச் செலவு செய்கிறாராம், கட்டாயம் வரவேண்டுமாம். எங்கள் சனத்தில் ஆள் இறந்து எட்டாம் நாளில், அவருக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பது வழக்கம். குதிரைக்குப் படைத்ததை நான் கேள்விப்பட்டதில்லை. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த மனிதர் ஒருவேளை ஏதாவது விளங்கிக்கொண்டிருப்பாரோ என்று ஒரு நப்பாசை. போனேன்.

கொட்டாஞ்சேனையில் கடைக்கு மேலே வீடு. கூடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். சட்டம் போட்ட பெரிய படத்தில் குதிரை, மாலையோடு. ஏதோ ஒரு கலியாணத்தில் ட்ரோன் எடுத்த படம்தான். முன்னால் குத்துவிளக்கு. தலைவாழையிலையில் சர்க்கரைப் புக்கை, கடலை, லட்டு, வடை, வாழைப்பழம், இளநீர். இலையின் ஓரத்தில் ஒரு சமிபாட்டுத் தூள் போத்தல்.

"அவளுக்கு விருப்பமானது ஒண்டும் விடேல்லை டொக்டர்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"புல்லு எங்கை?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"வெறும் புல்லை வைச்சால் வாற சனம் என்ன நினைக்கும் டொக்டர்? நாங்கள் அவளுக்கு ஒண்டும் திண்ணக் குடுக்காமல் சாகடிச்சுப்போட்டம் எண்டெல்லோ கதைப்பினம்."